வழுக்கும் களிமண்ணும் குட்டிப் பந்தய வண்டியும்

மழை பெய்து ஓய்ந்த வரப்பின் மேல் நடந்து பழகியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். சேறாக இருக்கும் இடம் அவ்வளவு அபாயமானதல்ல. அது காலை இழுத்தாலும் பிடித்துக்கொள்கிறது. ஆளை மல்லாத்துவது, பலர் நடந்து நடந்து மெழுகிவிட்டாற்போல் பளபளவென்றிருக்கும் இடந்தான். அந்த இடத்துக்கு வந்தவுடன் அநுபவசாலிகள் என்ன செய்கிறார்கள்? கால் கட்டை விரலை மண்ணில் ஊன்றி, உடம்பின் பாரத்தை அதன் மேல் இறக்குகிறார்கள். பாரம் இறங்கினால்தான் மண்ணில் பிடிப்பு உண்டாகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பகுதியில் இதே விஷயத்தை வேறொரு விதமாக ஆராய்ந்து கொண்டிருக்கும் குடும்பங்கள் அநேகம். ஜார்ஜியா, வட கரோலினா, தென் கரோலினா முதலிய ராஜ்யங்களில் செங்களிமண் ஏராளம். அந்த மண்ணைப் பரப்பி, நனைத்து, உருளை ஓட்டிக் கெட்டிப்படுத்தி, முட்டை வடிவத்தில் சிறு பந்தயப் பாதைகள் அமைத்திருக்கிறார்கள். ஒரு சுற்று என்பது மைலில் ஐந்திலொரு பங்கு, ஆறிலொரு பங்கு என்ற கணக்கில்தான் இருக்கும். சனிக்கிழமை மாலை ஆனதும் தகப்பனார் ஸ்பானர் பெட்டியோடும், தாயார் நொடி காட்டும் கடிகாரத்தோடும், பிள்ளையோ பெண்ணோ தலைக்கவசத்தோடும் அங்கே வந்து இறங்குகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் வாகனத்துக்குப் பெயர் கார்ட்.

இந்தக் கார்ட் பிறந்த கதை சுருக்கமானது. 1956-ஆம் வருஷத்தில் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், லூ போரெல்லி என்ற நண்பரின் துணையோடு, இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டி, புல் வெட்டும் மிஷினின் சிறு எஞ்சினைப் பின்னால் பூட்டி, ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய வண்டி ஒன்றைச் செய்தார். இங்கல்ஸ் பந்தயக் கார்கள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர். விளையாட்டாகத்தான் இதைச் செய்தார். இரண்டொரு வருஷத்திற்குள் அது ஒரு கைத்தொழிலாகவே ஆகிவிட்டது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற காரோட்டிகளில் பெரும்பாலோர் சிறு வயதில் இதில்தான் கை பழகினார்கள். கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயைப் பற்றி நம் நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் அங்கே உள்ளது தார்ப் பாதை. களிமண் பாதையின் வித்தை வேறு.

தாரோ, சிமெண்டோ, காலையில் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியேதான் இரவிலும் இருக்கும். களிமண்ணோ நாழிகைக்கு நாழிகை மாறும் சுபாவம் உடையது. பிற்பகலில் தண்ணீர் லாரி சுற்றி வந்து நனைக்கிறது. ஈரத்தை நிறுத்தி வைப்பதற்காகக் கால்சியம் குளோரைடு என்ற உப்பை மண்ணில் கலப்பதும் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும் குணம் அந்த உப்புக்கு இருக்கிறது. மாலையில் அந்த மண், பிசைந்த மாவைப் போல் டயரைக் கவ்விப் பிடிக்கும். பந்தயத்தின் மேல் பந்தயமாக நடந்து, நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடியபின் மேல் ஈரம் போய்விடும். தளர்ந்த மண் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். வண்டிகள் ஓடுகிற தடம் மட்டும் கண்ணாடி போல் மெருகேறிவிடும். மின்சார விளக்கின் வெளிச்சம் அந்தத் தடத்தில் மின்னத் தொடங்கினால், இனிமேல் எஞ்சினுக்கு வேலை குறைவு, மூளைக்கு வேலை அதிகம் என்று அர்த்தம்.

எஞ்சினைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமும் இல்லை. பல சங்கங்களில் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் கம்பெனியார் செய்யும் எல்.ஓ.206 என்ற எஞ்சினை உபயோகிக்கிறார்கள். அது 204 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. தொழிற்சாலையிலேயே முத்திரை வைத்து அனுப்புகிறார்கள். முத்திரையை உடைத்தால் பந்தயத்தில் இடமில்லை. பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவு குதிரைச் சக்திதான். ஆகவே, அந்தச் சக்தியை மண்ணில் இறக்கத் தெரிந்தவன் ஜெயிக்கிறான்.

வளைய மறுக்கும் அச்சு

கார்ட்டின் சரீர அமைப்பைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மோட்டார் காரில் இருப்பது போன்ற வில் இதில் கிடையாது. அதிர்ச்சி தாங்கி கிடையாது. இரும்புக் குழாய்ச் சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுப்பதுதான் வில்லின் ஸ்தானத்தில் வேலை செய்கிறது. இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. நம் மாட்டு வண்டியின் இரண்டு சக்கரங்களும் அச்சின் மேல் தனித்தனியே சுழல்கின்றன. திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிகமாகவும் உட்சக்கரம் குறைவாகவும் உருண்டால் கேட்பாரில்லை. மோட்டார் காரில் இதற்கென்றே பற்சக்கரப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். கார்ட்டிலோ பின் அச்சு ஒரே கம்பி. இரண்டு பின்சக்கரங்களும் அதனோடு இறுகப் பூட்டப்பட்டவை. ஒன்று எத்தனை தடவை சுற்றுகிறதோ, மற்றதும் அத்தனை தடவைதான் சுற்றியாக வேண்டும்.

இதன் பலன் என்ன? வண்டி நேராக ஓடவே ஆசைப்படுகிறது. ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் பின் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து முன் சக்கரங்களைப் பிடித்துத் தள்ளுகின்றன. வண்டி திரும்ப வேண்டுமானால், உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையின் மேல் உள்ள தன் பிடியைத் தளர்த்த வேண்டும். முட்டை வடிவப் பாதையில் எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால், அந்த உள்சக்கரம் இடது பின்சக்கரம்.

நல்ல பிடிப்புள்ள மண்ணில் இது தானாகவே நடந்துவிடும். வேகமாக இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கம் சாய்கிறது, இடது பின்சக்கரம் லேசாகிறது, வண்டி வளைகிறது. இதற்குக் கணக்கு எளிது. ஓட்டியும் வண்டியுமாக 360 ராத்தல் என்று வைத்துக்கொள்வோம். இருபுறச் சக்கரங்களுக்கும் நடுவே அகலம் 40 அங்குலம். கனத்தின் மையம் தரையிலிருந்து 10 அங்குல உயரத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் இழுக்கும் விசை வண்டியின் எடைக்குச் சமமாக இருந்தால், 360-ஐப் பத்தால் பெருக்கி நாற்பதால் வகுக்க, 90 ராத்தல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போய்ச் சேரும்.

இப்பொழுது மண் வழுக்கலாகிவிட்டது. டயர் பிடிக்காததால் பக்கவாட்டு விசை எடையில் பத்திலாறு பங்கு, அதாவது 216 ராத்தல்தான் கிடைக்கிறது என்று வைப்போம். வலப்பக்கம் போகும் பாரம் 54 ராத்தலாகக் குறைந்துவிடுகிறது. மீதி 36 ராத்தல் இடப்பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. இடது பின்சக்கரம் நன்றாக ஊன்றிக்கொண்டு, "நான் வளையமாட்டேன்" என்று சத்தியாக்கிரகம் செய்கிறது. பிடிப்பு இல்லாததால் பாரம் பெயரவில்லை. பாரம் பெயராததால் உள்ள பிடிப்பும் உபயோகமாகவில்லை. வழுக்கு மண்ணின் ரகசியம் முழுவதும் இந்தச் சிக்கலில்தான் அடங்கியிருக்கிறது.

இதற்குக் கண்டுபிடித்திருக்கும் பரிகாரம் கேட்பதற்கு விபரீதமாக இருக்கும். பந்தய வண்டியென்றால் கனம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நாம் படித்திருக்கிறோம். வழுக்கு மண்ணில் கார்ட் ஓட்டுகிறவர்களோ கனத்தை மேலே தூக்குகிறார்கள்! ஒவ்வொரு பிரிவுக்கும் குறைந்தபட்ச எடை விதிக்கப்பட்டிருப்பதால், ஒல்லியான ஓட்டிகள் ஈயக் கட்டிகளைச் சேர்த்து அந்த எடையை நிரப்புகிறார்கள். அந்த ஈயம் எங்கே இருக்க வேண்டும் என்பது அவரவர் சாமர்த்தியம். 30 ராத்தல் ஈயத்தைத் தரையோரத்திலிருந்து கழற்றி, இருக்கையின் முதுகில் ஓர் அடி உயரத்தில் பூட்டினால், 360 ராத்தல் வண்டியின் கனமையம் முழுசாக ஓர் அங்குலம் உயர்ந்துவிடும். பழைய கணக்கையே மறுபடியும் போட்டால், 54 ராத்தல் இருந்த இடத்தில் 59 ராத்தலுக்கு மேல் வலப்பக்கம் போகிறது. ஐந்து ராத்தல் என்ன பெரிசு என்று நினைக்கலாம். மெருகேறிய களிமண்ணில் ஐந்து ராத்தல் என்பது, வளைவில் வண்டி முகம் திருப்பிக்கொண்டு போவதற்கும் சொன்னபடி கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்.

வலது பின்சக்கரத்தை அச்சின் மேல் ஓர் அங்குலம் உள்ளே தள்ளி அகலத்தைக் குறைப்பதும் இதே பலனைத் தருகிறது. கணக்குப் பார்த்தால் ஒன்றரை ராத்தலுக்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் ஈயத்தை இடம் மாற்றுவதைக் காட்டிலும் சீக்கிரம் ஆகிற வேலை.

கனத்தை உயர்த்துவதற்கு எல்லை உண்டு என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான கார்ட்டுகளில் ஓட்டியை வண்டியோடு கட்டும் பட்டை கிடையாது. இரவில் வழுக்கு மண்ணுக்கென்று உயர்த்திய ஈயத்தோடு, மறுவாரம் மாலையில் ஈர மண்ணில் இறங்கினால், மண் கவ்விப் பிடிக்கும்; இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஆகாயத்துக்குக் கிளம்பும். பன்னிரண்டு வயதுக் குழந்தை ஓட்டுகிற வண்டியில் இந்தப் பரீக்ஷையைச் செய்து பார்க்க எந்தத் தகப்பனாரும் விரும்பமாட்டார்.

டம்ளரும் கட்டிலும்

வீட்டிலுள்ள வாய் அகன்ற டம்ளர் ஒன்றைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். அது நேராகப் போகாது, வட்டமிடும். வாய்ப்பக்கம் பெரிசு, அடிப்பக்கம் சிறிசு என்பதே காரணம். ரயில் சக்கரங்களின் விளிம்பைச் சற்றுச் சரிவாகக் கடைந்திருப்பதும் இந்த உபாயத்தை உத்தேசித்துத்தான். அங்கேயும் இரண்டு சக்கரங்கள் ஒரே அச்சில் இறுகியிருக்கின்றன. கார்ட்டில் வலது பின் டயரின் சுற்றளவை இடது பின் டயரைவிடப் பெரிசாக வைக்கிறார்கள். இந்த வித்தியாசத்துக்கு ஸ்டாகர் என்று பெயர். உட்சக்கரம் 60 அடி ஆரமுள்ள வட்டத்தில் ஓடுகிறது, இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி 3 அடி என்றால், வெளிச் சக்கரம் நூற்றுக்கு ஐந்து பங்கு அதிக தூரம் போகவேண்டும். இடது டயரின் சுற்றளவு 34 அங்குலமானால், வலது டயர் 35.7 அங்குலம் இருப்பது கணக்குக்குச் சரி.

கணக்குக்குச் சரியே தவிர, பந்தயத்துக்குச் சரியல்ல. பாதையில் வளைவு மாத்திரமா இருக்கிறது? நேரான பாகத்தில் சமமில்லாத இரு டயர்களும் ஒன்றையொன்று இழுத்துத் தேய்க்கும். வழுக்கு மண்ணிலோ இன்னொரு கஷ்டம். வளைவு முடிந்து வேகமெடுக்கும் சமயத்தில் இரண்டு பின்சக்கரங்களும் ஒத்துழைத்து முன்னால் தள்ளினால்தான் வண்டி கிளம்பும். ஆகையால் மெருகேறிய பாதையில் அநுபவசாலிகள் ஸ்டாகரைக் கணக்கைவிடக் குறைத்தே வைக்கிறார்கள். வளைவில் நுழைவது சற்றுக் கடினமானாலும், வெளிவருவது சுலபமாகிறது. நுழைவில் இழந்ததை வெளிவாசலில் வட்டியுடன் வாங்கிவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் அபிப்பிராயமும் அதுவே. வளைவிலிருந்து வெளிவரும் வேகம் அடுத்த நேர்ப்பாதை முழுவதும் கூட வருகிறதல்லவா?

டயரிலுள்ள காற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். களிமண் கார்ட்டுகளில் சதுர அங்குலத்துக்கு ஆறேழு ராத்தல் அளவுக்குத்தான் காற்று அடைக்கிறார்கள். சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் ரிம் தரையைத் தொடும் அளவு அது! அரை ராத்தல் கூட்டினாலும் குறைத்தாலும் ஓட்டிக்குத் தெரிகிறது. காற்றைக் குறைத்தால் டயர் மண்ணில் பரந்து படிகிறது. ஆனால் சுற்றளவும் சுருங்கி, கஷ்டப்பட்டு அளந்த ஸ்டாகர் மாறிவிடுகிறது. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும். இந்த வண்டியில் எல்லாமே அப்படித்தான்.

இனி, நாலு சக்கரங்களுக்கும் பாரத்தைப் பங்கிடும் வித்தை. நம் வீட்டுக் கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் மரச் சில்லு ஒன்றைச் செருகினால் என்ன ஆகிறது? அந்தக் காலும் அதற்குக் கோணாகோணியாக எதிரே உள்ள காலும் பாரத்தைத் தாங்குகின்றன. மற்ற இரண்டும் ஆட்டம் கொடுக்கின்றன. கார்ட்டிலும் இதேதான். நாலு சக்கரங்களுக்கும் நாலு தராசுகளை வைத்து, ஓட்டியைத் தலைக்கவசத்துடன் உட்காரவைத்து, ஸ்டீரிங்கை நேராகப் பிடிக்கச் சொல்லி நிறுக்கிறார்கள். தரை சமமட்டமாக இல்லாவிட்டால் இந்த நிறுவை வீண்.

உதாரணமாக, இடது முன்சக்கரம் 84, வலது முன்சக்கரம் 76, இடது பின்சக்கரம் 112, வலது பின்சக்கரம் 88; மொத்தம் 360 ராத்தல். வலது முன்னும் இடது பின்னும் சேர்ந்தால் 188. அதாவது நூற்றுக்கு 52 பங்கு. இந்தக் குறுக்குப் பாரத்துக்கு க்ராஸ் என்று பெயர். முன்சக்கரக் கிங்பினிலுள்ள வாஷர்களை இடம் மாற்றிச் சட்டத்தின் ஒரு மூலையை மயிரிழை உயர்த்தி, ஒவ்வொரு சக்கரத்திலும் நாலு ராத்தல் மாறும்படி செய்தால், எண்கள் 80, 80, 116, 84 என்று ஆகின்றன. க்ராஸ் நூற்றுக்கு 54-க்கு மேல் ஏறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், வண்டியின் மொத்த எடையும் மாறவில்லை. இடப்பக்க எடையும் மாறவில்லை. முன்பக்க எடையும் மாறவில்லை. ஆயினும் ஓடுகிற சுபாவம் வேறாகிவிட்டது. க்ராஸ் கூடினால் இடது பின்சக்கரம் அதிகமாக ஊன்றுகிறது. வண்டியின் வால் அலையாது, ஆனால் முகம் திரும்ப மறுக்கும். குறைந்தால் முகம் திரும்பும், வால் அலையும்.

எது முதலில் நடந்தது?

இவ்வளவும் தெரிந்த பிறகும் சிறந்த பட்டறைக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்றிருக்கிறது. பந்தயம் முடிந்து வந்த பெண், "அப்பா, வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது" என்கிறாள். தகப்பனார் உடனே க்ராஸைக் கூட்டுகிறார். அடுத்த தடவை இன்னும் மோசமாகிறது. காரணம் என்ன? பெண் சொன்னது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. வளைவில் நுழையும்போது வண்டி முதலில் திரும்ப மறுத்திருக்கிறது. அவள் ஸ்டீரிங்கை மேலும் மேலும் திருப்பியிருக்கிறாள். வேகம் சற்றுத் தணிந்ததும் முன்சக்கரங்கள் திடீரென்று மண்ணைப் பிடித்துக்கொள்ள, அளவுக்கு மீறித் திருப்பியிருந்த வண்டி சடக்கென்று உள்ளே பாய்ந்து, வாலை வெளியே வீசியிருக்கிறது. நோய் முகத்தில், வலி தெரிந்தது வாலில். இதற்குச் சிகிச்சை க்ராஸைக் குறைப்பதும் கனத்தை உயர்த்துவதுமே தவிர, க்ராஸைக் கூட்டுவதல்ல. எனவே கெட்டிக்காரத் தகப்பனார்கள் வேலியோரம் நின்று, வண்டியை விட்டுவிட்டு, ஓட்டியின் கைகளையே கவனிக்கிறார்கள். கை எந்த இடத்தில் அதிகமாகத் திரும்புகிறது என்பதிலிருந்து எது முதலில் நடந்தது என்று தெரிந்துவிடும்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாறுதல் செய்வது, அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது என்ற இரண்டு பழக்கங்களும் இங்கே தராசுக்கு அடுத்தபடி விலை மதிப்புள்ளவை. ஈயம், காற்று, க்ராஸ் மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றி ஜெயித்தவனுக்கு, எதனால் ஜெயித்தோம் என்பது தெரியாது. மறு சனிக்கிழமை தோற்கும்போதும் தெரியாது.

மருந்து பூசிய டயர்

மேலே சொன்ன உபாயங்களுக்கெல்லாம் சிரமப்படாமல் குறுக்கு வழியில் பிடிப்புத் தேடுகிறவர்களும் உண்டு. டயர் ரப்பரை மிருதுவாக்கும் திராவகங்களை மேலே பூசுகிறார்கள்; டயருக்குள்ளேயும் செலுத்தி, உருளைகளின் மேல் மணிக்கணக்காகச் சுழல விடுகிறார்கள். இன்ன மண்ணுக்கு இன்ன மருந்து என்று ஒரு வைத்திய சாஸ்திரமே இதற்காக உண்டாகியிருக்கிறது. பல டஜன் டயர்களை வெவ்வேறு விதமாக ஊறவைத்துக் கொண்டுவருபவனுக்கு, இரண்டு ஜோடி டயரோடு வருபவன் ஈடு கொடுப்பது கஷ்டம். சரிசமமாக முத்திரை வைத்த எஞ்சின் கொடுத்துவிட்டு, வித்தியாசத்தை டயர் வழியாக உள்ளே விடுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

செலவு ஒரு புறம் இருக்கட்டும். இந்தத் திராவகங்களில் பல, எளிதில் ஆவியாகும் கரைப்பான்களைக் கொண்டவை. டாலுயீன் போன்றவற்றின் ஆவியை நெடுநேரம் சுவாசிப்பது மூளைக்கும் நரம்புக்கும் கெடுதல் என்பது வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட உண்மை. சில, தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். வீட்டை ஒட்டிய கொட்டகையில், கதவைச் சாத்திக்கொண்டு, கையுறை கூட இல்லாமல், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்வது, கோப்பைக்காகக் கொடுக்கும் விலையில் மிக அதிகமானது என்றே நமக்குத் தோன்றுகிறது. இதை உணர்ந்துதான் சில சங்கங்கள் மருந்து பூசிய டயரை அடியோடு விலக்கி, எல்லோருக்கும் ஒரே வகை டயர் என்று விதி செய்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்களில் தராசும் ஸ்பானரும் மறுபடியும் ராஜாவாகிவிட்டன.

முதல் ஓட்டத்துக்கும் இறுதிப் பந்தயத்துக்கும் நடுவே சில சமயம் கால் மணி நேரந்தான் கிடைக்கிறது. அதற்குள் தகப்பனார் விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பாதையைப் பார்க்கிறார். காலணியால் ஒரு தேய்ப்புத் தேய்க்கிறார். மண் பொடியாக உதிர்கிறதா, கறுத்து மின்னுகிறதா என்று தெரிந்துகொள்கிறார். ஈயக் கட்டி ஒன்று இருக்கையின் முதுகில் ஏறுகிறது. இரட்டை நட்டுப் போட்டு முடுக்கப்படுகிறது, ஓடும்போது கழன்று பின்னால் வருகிறவன் மேல் விழாமலிருக்க. வலது பின்சக்கரம் சற்று உள்ளே போகிறது. காற்றில் அரை ராத்தல் வெளியே விடப்படுகிறது. பெண் தலைக்கவசத்தை மாட்டிக்கொள்கிறாள்.

பந்தயம் முடிந்ததும் ஜெயித்தவர்களின் வண்டியை நேரே தராசுக்குத்தான் கொண்டு போகிறார்கள். விதித்த எடைக்கு ஒரு ராத்தல் குறைந்தாலும் பரிசு அடுத்தவனுக்கு. அதன் பிறகு, வண்டியைக் கழுவி மண்ணைச் சுரண்டி எடுப்பதில் பாதி ராத்திரி கழிகிறது. மறு சனிக்கிழமை பிற்பகலில் தண்ணீர் லாரி பாதையைச் சுற்ற ஆரம்பிக்கும்போது, தகப்பனார் செய்கிற முதல் வேலை, முதுகில் ஏற்றிய ஈயத்தைக் கழற்றிப் பழையபடி கீழே பூட்டுவது.